எல்லா மெஷினிலும் திறக்கும் டிஸ்க்

வரகனேரியில் சுராயாவின் எடிட்டிங் அறைக்கு ஜன்னல் இருந்தும் இல்லாதது மாதிரிதான். கறுப்புத் துணியை நான்கு பக்கமும் ஆணி அடித்து மூடியிருந்தாள். வெளி வெளிச்சம் திரையில் விழக்கூடாது என்பது ஒரு காரணம். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வருகிறவர்கள் கண்ணில் திரை படக்கூடாது என்பது இன்னொன்று. மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கும். சொந்தத் தம்பி கலீல் வந்து தட்டினாலும் திரையை அணைத்துவிட்டுத்தான் திறப்பாள்.

அவள் வேலை அப்படிப்பட்டது. பாலக்கரை, தென்னூர், உறையூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களின் கல்யாணங்களில் பெண்கள் பகுதியை வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுப்பாள். ஆண்கள் பக்கம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். மருதாணி விசேஷம், மணப்பெண் அலங்காரம், பர்தாவைக் கழற்றி வைத்துவிட்டுப் பெண்கள் மட்டும் உட்கார்ந்து சிரிக்கிற நேரம், இதெல்லாம் சுராயாவின் கேமராவுக்கு மட்டும்தான்.

கணவர் நஸ்ருல்லா சவூதியில், தம்மாமில் இருந்தார். கல்யாணமான புதிதில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கல்யாண வீடியோ மிக்சிங் ஸ்டுடியோவில் அவள் வேலை கற்றுக்கொண்டாள். அங்கே அவள் ஒருத்திதான் பெண். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தபோது, பையன்கள் நாலைந்து பேர் ஒரு மணப்பெண்ணின் படத்தை நிறுத்திவைத்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியும். மறுநாளிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. நஸ்ருல்லாவிடம் சொல்லி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாள். "இது அமானிதம்ங்க. அவங்க நம்மள நம்பி குடுத்து வச்ச பொருள். பொன்னை ஒப்படைச்சா எப்படிப் பாத்துப்போமோ அப்படிப் பாத்துக்கணும்" என்று போனில் சொன்னாள். அந்தப் பேச்சே பிறகு அவள் பெயராகிவிட்டது. சுராயாகிட்ட குடுத்தா வெளியே போகாது என்றார்கள்.

சௌமியா வந்து சேர்ந்தது, ஸஹ்ரா என்ற பெண்ணின் கல்யாணத்தைச் சுராயா எடுப்பதற்குச் சில மாதங்கள் முன்பு. அவள் ஸ்ரீரங்கத்துக்காரி. சென்னையில் விளம்பரப் படங்களுக்குக் கலர் சரிசெய்கிற வேலையில் இருந்தவள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் கீழச் சித்திரை வீதி வீட்டுக்கே திரும்பி, ஒரு அறையில் மேக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். கலர் பார்க்க ஒரு பெண் கிடைத்தது சுராயாவுக்குப் பெரிய விஷயம். அதுவரை அந்த வேலையை யாரிடமும் கொடுக்க முடியாமல் தானே அரைகுறையாகச் செய்துகொண்டிருந்தாள்.

தொல்லை முதல் டிஸ்க்கிலேயே ஆரம்பித்தது. சௌமியா தன் மெஷினில் தயார் செய்து கொடுத்த ஹார்ட் டிஸ்க்கை வீட்டுக்கு வந்து செருகியதும், 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று திரையில் ஒரு பெட்டி வந்தது. சுராயாவின் விரல் மவுஸ் மேலேயே இருந்தது. ஏனோ அமுக்கவில்லை. சௌமியாவுக்குப் போன் போட்டாள்.

"ஐயோ, அமுக்கிடாதீங்கோ!" என்று அந்தப் பக்கம் சௌமியா கத்தினாள். "சரின்னு ஒரு தட்டு தட்டியிருந்தா கல்யாணமே அழிஞ்சு போயிருக்கும். டிஸ்க்கை எடுத்துண்டு நேரா இங்க வந்துடுங்கோ, உக்காந்து பேசிடலாம்."

அன்று சாயங்காலம் சுராயா காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனாள். சௌமியாவின் அப்பா பக்கத்து அறையில் படுத்திருந்தார். ரேடியோவில் பாசுரம் ஓடிக்கொண்டிருந்தது. சௌமியா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து விளக்கினாள்.

"டிஸ்க்குக்குள்ள ஃபைலை எப்படி அடுக்கி வைக்கணும்ங்கறதுக்கு ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு முறை இருக்கு. என் மேக் அடுக்கற மாதிரி அடுக்கினா உங்க விண்டோஸுக்கு ஒண்ணும் புரியாது, காலி டிஸ்க்குன்னு நினைச்சுண்டு அழிக்கட்டுமான்னு கேக்கும். உங்க விண்டோஸ் முறையில, என்.டி.எஃப்.எஸ்ல போட்டா, என் மெஷின் படிக்கும், ஆனா எழுத விடாது. நான் கலர் பண்ணினதைத் திருப்பி அதுல வைக்க முடியாது."

"பழைய ஃபேட் 32ன்னு ஒண்ணு இருக்கே? பென் டிரைவுல வருமே."

"அதுல நாலு ஜி.பி.க்கு மேல ஒரு ஃபைல் நிக்காது. உங்க கேமரா ஃபைல் ஒண்ணொண்ணும் அதுக்கு மேல. மிச்சம் இருக்கறது எக்ஸ்ஃபேட். அதுல போட்டா எல்லாத்துலயும் திறக்கும். உங்க மெஷின், என் மெஷின், டிவி, போன்கூட."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்." சௌமியா கொஞ்சம் யோசித்தாள். "பூட்டி வைக்கணும்னா அதுக்கும் வழி இருக்கு. ரெண்டு மெஷின்லயும் ஒரே பூட்டு சாஃப்ட்வேரைப் போட்டு, ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு அடிச்சுத் திறக்கணும். கொஞ்சம் மெதுவாயிடும். பாஸ்வேர்டு மறந்தா அவ்வளவுதான், யாராலயும் திறக்க முடியாது."

வரிசையாகக் கல்யாணங்கள் இருந்தன. ஏற்கெனவே இரண்டு வீட்டுக்காரர்கள் வீடியோ எங்கே என்று கேட்டுவிட்டார்கள். டிஸ்க் இவள் கையிலிருந்து அவள் கைக்குத்தானே போகப்போகிறது என்று இருவருக்குமே தோன்றியது.

"எக்ஸ்ஃபேட்டே போட்டுடுங்க" என்றாள் சுராயா.

அதன்பிறகு வேலை சிக்கலில்லாமல் ஓடியது. டிஸ்க்கைச் சுராயாவே கொண்டு போவாள், அல்லது காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் கலீல், ஸ்ரீரங்கத்துக் கடைகளுக்கு வசூலுக்குப் போகும்போது கொண்டு போவான். யாராவது தவறவிட்டால் உதவுமே என்று டிஸ்க்கின் மேல் தன் போன் நம்பரை மட்டும் எழுதி ஒட்டியிருந்தாள்.

ஸஹ்ரா தென்னூர்ப் பெண். எம்.காம். முடித்தவள். மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை. அவளுடைய மருதாணி விசேஷம் போல ஒன்றைச் சுராயா அதுவரை எடுத்ததில்லை. கூச்சப்பட்டு மூலையில் உட்கார்ந்திருந்த மணப்பெண்ணை மாமி மகள்கள் இழுத்து எழுப்பினார்கள். எழுந்தவள் ஆடினாள். முக்காடு நழுவி, முடி அவிழ்ந்து, யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் ஆடினாள். அவளுடைய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே கை தட்டினார். சுராயாவுக்கும் கேமராவைப் பிடித்தபடியே சிரிப்பு வந்துவிட்டது.

சௌமியா கலர் வேலையை முடித்ததும் கலீல்தான் டிஸ்க்கை வாங்கி வரப் போனான். அவன் வண்டி மெக்கானிக்கிடம் இருந்தது. டவுன் பஸ்ஸில் திரும்பினான். சத்திரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி, மார்க்கெட் வரைக்கும் வந்த பிறகுதான் கையில் பை இல்லை என்று அவனுக்கு உறைத்தது.

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி ஓடினான். டிப்போவில் கேட்டான். கண்டக்டர் ஒன்றும் பார்க்கவில்லை என்றார். முகம் வெளுத்துப்போய் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். விஷயத்தைக் கேட்டதும் சுராயா அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, காப்பி வீட்டுல இருக்குன்னுதானே எப்பவும் சொல்லுவ? கலர் பண்ணினதும் அந்த சௌமியாம்மாகிட்ட இருக்கும். ஒண்ணுமே தொலையலயே. புதுசா டிஸ்க் நான் வாங்கித் தரேன்."

"தொலையலைடா" என்றாள் சுராயா. "அது இருக்கு. எங்கயோ இருக்கு. யாரு கையிலயோ."

அவன் புரியாமல் பார்த்தான். அவள் அவனை உட்காரவைத்து, எந்த டிவியில் செருகினாலும் அது படமாக ஓடும் என்பதைச் சொன்னாள். உள்ளே இருக்கும் ஃபோல்டருக்கு 'ஸஹ்ரா மருதாணி லேடீஸ்' என்றே பெயர் வைத்திருந்தாள். அதையும் சொன்னாள். கலீல் தலையைக் குனிந்துகொண்டான்.

போலீஸில் புகார் கொடுக்கலாமா என்று நஸ்ருல்லாவிடம் கேட்டாள். "கிடைச்சா அவங்களும் என்ன இருக்குன்னு போட்டுப் பாப்பாங்களே, சுராயா" என்றார். அந்த யோசனை அதோடு நின்றது. தொழுகைப் பாயில் உட்கார்ந்தாலும் அவளால் துஆவை முழுசாகக் கேட்க முடியவில்லை. டிஸ்க் கிடைக்கட்டும் என்று கேட்பதா, ஆற்றில் விழுந்து நாசமாகப் போகட்டும் என்று கேட்பதா என்று தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்தது. ஆண் குரல், சாதாரணமாகத்தான் பேசியது. "அக்கா, ஹார்ட் டிஸ்க் ஏதாவது தொலைச்சீங்களா? பஸ் சீட்டுல கிடந்துச்சு. மேல இந்த நம்பர் இருந்துச்சு. மன்னார்புரம் பக்கம் வந்தா வாங்கிக்கலாம்."

கலீலைக் கூட்டிக்கொண்டு போனாள். மன்னார்புரத்தில் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றிருந்தான் அந்த ஆள். முப்பது வயது இருக்கலாம். துணிக்கடைப் பையில் டிஸ்க்கை வைத்துக் கொடுத்தான். கலீல் ஏதோ கொடுக்கப் பாக்கெட்டில் கைவிட்டபோது, "அதெல்லாம் வேணாம் அண்ணே" என்று தடுத்துவிட்டான். வண்டியைக் கிளப்பிய பிறகு சுராயாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

"நீங்கதான் வீடியோ எடுக்குறதாக்கா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டாள். அவன் போய்விட்டான். ஆட்டோவில் பாதி வழி வந்த பிறகுதான் அவளுக்கு அந்தக் கேள்வி உறைத்தது. டிஸ்க்கின் மேல் நம்பர் மட்டும்தான் இருந்தது. வீடியோ என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டு டிஸ்க்கைச் செருகினாள். எல்லா ஃபைலும் இருந்தன. ஒன்றும் குறையவில்லை. அவற்றுக்கு நடுவே அவள் போடாத ஒரு ஃபோல்டர் இருந்தது. 'லாஸ்ட்.டிர்' என்று பெயர். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் காலி. சௌமியாவைக் கூப்பிட்டாள்.

"லாஸ்ட் டிர்னு ஒரு ஃபோல்டர் இருக்கே சௌமியா, நீங்க போட்டதா?"

"மேக் அப்படி ஒண்ணு போடாது" என்றாள் சௌமியா மெல்ல. "ஆண்ட்ராய்டு போன், டிவி பாக்ஸ், இந்த மாதிரி எதுலயாவது செருகினா அது தானா உண்டாக்கிக்கும். தேதி போட்டிருக்கா பாருங்கோ."

"தொலைஞ்சதுக்கு மறுநாள் சாயங்காலம்."

"அப்போ யாரோ செருகிப் பாத்திருக்கா."

"காப்பி எடுத்தாங்களா இல்லையான்னு பாக்க முடியுமா?"

"முடியாது, சுராயா. காப்பி எடுத்தா டிஸ்க்குல எதுவும் மாறாது. பாத்துட்டு வச்சிருக்கலாம். எடுத்துண்டும் இருக்கலாம். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்." சௌமியாவே தொடர்ந்தாள். "நான்தான் எக்ஸ்ஃபேட் போடலாம்னு சொன்னேன்."

"சரின்னு சொன்னது நான்தானே" என்றாள் சுராயா.

அந்த ஆளின் நம்பருக்கு அடித்தாள். எடுத்தான்.

"தம்பி, டிஸ்க்கை நீங்க எதுலயாவது போட்டுப் பாத்தீங்களா?"

"யாருதுன்னு தெரியணும்ல அக்கா. அதுக்குத்தான்."

"நம்பர் மேலேயே ஒட்டியிருந்துச்சே."

"அப்ப கவனிக்கல" என்றான். "நல்லது செஞ்சா இப்படித்தான் கேப்பீங்க." போனை வைத்துவிட்டான். அவன் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். சாயங்காலம் மறுபடி அடித்தபோது அந்த எண் அணைக்கப்பட்டிருந்தது. பிறகு எப்போது அடித்தாலும் அப்படியே இருந்தது.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் கலீல் சொன்னான். கல்யாண வீட்டுக்கு வீடியோ போய்ச் சேர்ந்துவிட்டால் கதை முடிந்தது, யாருக்குத் தெரியப்போகிறது என்றான். சுராயாவால் முடியவில்லை. பர்தாவைப் போட்டுக்கொண்டு தென்னூருக்குக் கிளம்பினாள். ஸஹ்ராவின் அம்மாவிடம்தான் முதலில் சொல்வதாக இருந்தாள். அவர் அடுப்படியில் பிஸ்மி சொல்லி டீ போட்டுக்கொண்டிருந்தார். ஸஹ்ரா விசாவுக்குக் காத்துக்கொண்டு பிறந்தவீட்டிலேயே இருந்தாள். சுராயாவின் முகத்தைப் பார்த்ததுமே அவளை உள் அறைக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

சுராயா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஸஹ்ரா கேள்வியாகக் கேட்டாள்.

"என் முகம் தெரியுமா அதுல?"

"தெரியும்மா."

"முடி?"

சுராயா ஆமென்று தலையை ஆட்டினாள்.

"நான் ஆடினது?"

"முழுசா இருக்கு."

ஸஹ்ரா கையில் இன்னும் முழுசாக மங்காத மருதாணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாட்ட சொல்லிடாதீங்கக்கா. அத்தாவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாரு."

"மாப்பிள்ளைட்டயாவது…"

"அவரு நல்லவருதான். ஆனா யாரு எடுத்தா, யாரு தொலைச்சான்னெல்லாம் கடைசியில யாரும் கேக்கமாட்டாங்க. நீ ஏன் ஆடினன்னுதான் கேப்பாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல." அவள் அழவில்லை. "யாராவது பாத்திருப்பாங்களாக்கா? இப்ப இந்த நிமிஷம்?" என்று கேட்டாள்.

அம்மா டீயோடு வந்தார். இருவரும் பேச்சை மாற்றினார்கள்.

அந்த வருஷம் பள்ளி லீவில் சொந்தக்காரர்களோடு சுராயா முக்கொம்புக்குப் போயிருந்தாள். மதகுக்குக் கீழே தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. பிள்ளைகள் பூங்காவில் கத்திக்கொண்டிருந்தார்கள். பிரியாணி டப்பாவைத் திறந்து பரிமாறிக்கொண்டிருந்தபோது, மச்சி முறையாகிற ஒருத்தி போனை நீட்டினாள். "இதப் பாரேன், மருதாணி வீட்டுல ஒரு பொண்ணு என்னா ஆட்டம் ஆடுது! குரூப்புல வந்துச்சு. நம்ம ஆளுங்கதான்."

சுராயா கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தாள். திரையில் ஒரு பெண் சுழன்றாள். முதலில் முகம் தெரியவில்லை. திரும்பினாள். ஸஹ்ரா இல்லை. வேறு வீடு, வேறு பெண். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சுராயாவின் வாயிலிருந்து வந்துவிட்டது.

"என்னத்துக்கு?" என்றாள் மச்சி.

சுராயா போனைக் கையில் வாங்கினாள். படம் கொஞ்சமும் குலுங்காமல் இருந்தது. ஸ்டாண்டில் நிறுத்தி, விளக்கு வைத்து, நல்ல கேமராவில் எடுத்தது. போனில் திருட்டுத்தனமாக எடுத்தது இல்லை. அவளைப் போல ஒருத்தி எந்த ஊரிலோ கதவைத் தாழ் போட்டுக்கொண்டு வெட்டி ஒட்டிய படம். அந்தப் பெண்ணின் அம்மாவும் ஓரமாக நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்ன வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அன்று அவள் சாப்பிடவில்லை.

அவளும் சௌமியாவும் எல்லா டிஸ்க்கையும் அழித்துப் பூட்டு சாஃப்ட்வேரைப் போட்டார்கள். பாஸ்வேர்டை இருவரும் மனப்பாடம் செய்தார்கள். ஆண்கள் பக்கம் எடுத்து அவளிடம் எடிட்டிங்குக்குக் கொடுத்துவந்த இரண்டு போட்டோகிராபர்கள், எங்கள் மெஷினில் திறக்கவில்லை என்று வேலை கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அதையெல்லாம் சுராயா பொருட்படுத்தவில்லை. ஆனால் கடைசியில் கல்யாண வீட்டுக்குக் கொடுக்கும் பென் டிரைவைப் பூட்ட முடியாது. அவர்கள் டிவியில் போட்டுக் குடும்பத்தோடு பார்க்க வேண்டும். அதை மட்டும் பழையபடி எல்லாவற்றிலும் திறக்கிற ஃபார்மட்டில்தான் போட வேண்டியிருந்தது. கொடுக்கும்போது, "பீரோவுல வச்சுப் பூட்டுங்க, யாருகிட்டயும் குடுத்தனுப்பாதீங்க" என்று சொல்வாள். அவர்கள் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள்.

ஸஹ்ரா ஷார்ஜா போய்விட்டாள். முதலில் வெள்ளிக்கிழமைதோறும் பேசினாள். "ஒண்ணும் இல்லையேக்கா?" என்பாள். "ஒண்ணும் இல்லம்மா." அத்தோடு வைத்துவிடுவாள். குழந்தை பிறந்தபின் அந்தப் பேச்சு குறைந்தது. ஒரு முறை குழந்தைக்குப் பல் முளைக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, எதையும் கேட்காமலே போனை வைத்தாள். அவள் கேட்பதை விட்டாலும் சுராயாவால் தேடுவதை விட முடியவில்லை. மருதாணி, திருச்சி, லேடீஸ், ஆட்டம் என்று மாற்றி மாற்றி அடித்து, யார் யார் வீட்டுப் பெண்களையோ பார்ப்பாள். பார்க்கும்போதெல்லாம், நானும் இதைப் பார்க்கிற ஆளாகிவிட்டேனே என்று தோன்றும். ஆனாலும் கடைசிவரை பார்ப்பாள்.

போன மாதம் ஒரு மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வழக்கம்போல அவளுக்கு ஸஹ்ராவின் நினைப்புத்தான் முதலில் வந்தது. எடுத்தாள். ஒரு அம்மா பேசினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். சுராயாதானேம்மா? உறையூர்லேருந்து பேசுறேன். மகளுக்கு நிக்காஹ் வச்சிருக்கோம். லேடீஸ் பக்கம் நீங்கதான் எடுத்துத் தரணும்."

"வ அலைக்கும் ஸலாம். என் நம்பரை யாருங்க குடுத்தது?"

"தென்னூர்ல ஸஹ்ரா அம்மா. எங்க வீட்டுல வீடியோவே வேணாம்னுதான் சொன்னாங்க, இந்தக் காலத்துல எது எங்க போகும்னு பயமா இருக்குல்ல? அவங்கதான் தைரியம் சொன்னாங்க. சுராயாகிட்ட குடுத்தா ஒரு போட்டோகூட வெளிய போகாது, எம் மகளுக்கு எடுத்ததே அவதான்னு சொன்னாங்க."

சுராயா வாயைத் திறந்தாள். நடந்ததைச் சொல்வதானால் ஸஹ்ராவைச் சொல்ல வேண்டும். சொன்னால் சாயங்காலத்துக்குள் தென்னூரில் அவள் அம்மா காதுக்குப் போய்விடும்.

"லைன்ல இருக்கீங்களாம்மா?"

"இருக்கேங்க" என்றாள். ஜன்னலை மூடியிருந்த கறுப்புத் துணியை வெயில் சுட்டுக்கொண்டிருந்தது. "நிக்காஹ் தேதி சொல்லுங்க."